பிரேக் லைட் வேலை: முதலில் சோதனை, பிறகு ஸ்பேர்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கார் எலக்ட்ரீஷியனாகத் தலையெடுக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் வேலை தெரிந்தவரா, வெறுமனே ஸ்பேர் மாற்றுபவரா என்று அறியப் பெரிய பழுது தேவையில்லை. பிரேக் லைட் எரியாத ஒரு கார் போதும். வண்டி வந்து நின்றதும் பையனைக் கடைக்கு அனுப்பிப் புது சுவிட்ச் வாங்கி வரச் சொல்பவர் ஒரு ரகம். டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக்கொண்டு ஃபியூஸ் பாக்ஸைத் திறப்பவர் இன்னொரு ரகம். வண்டிக்காரர் அடுத்த பழுதுக்குத் தேடி வருவது இரண்டாமவரைத்தான்.

பிரேக் லைட் சுவிட்ச் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பாகம். ஆனால் அந்த ஒரு சர்க்யூட்டில் பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், ஒயரிங், பல்பு, எர்த் எல்லாம் இருக்கின்றன. இதில் பழுது தேடும் ஒழுங்கு கைக்கு வந்துவிட்டால் ஹாரன், ஹெட்லைட், வைப்பர், ஏசி ஃபேன் எல்லாவற்றுக்கும் அதே ஒழுங்குதான். தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில் கற்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

இந்தச் சாலையில் இது சின்ன வேலை இல்லை

சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை திண்டிவனத்தில் கிளை பிரிகிறது. ஒன்று புதுச்சேரிக்கு, ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு, ஒன்று விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கு. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரிகிறது. பொங்கல், தீபாவளி நாட்களில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் எவ்வளவு தூரத்துக்கு நிற்கும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரவைப் பருவத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். வேகமாக வந்து திடீரென்று வேகத்தைக் குறைக்க வேண்டிய சாலை இது.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் கடக்கிறது. முன்னால் போகும் வண்டியின் பிரேக் லைட் எரியாவிட்டால், அது வேகம் குறைக்கிறது என்பதைப் பின்னால் வருபவர் இடைவெளி சுருங்குவதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அதில் ஒரு நொடி போனாலே அந்த 28 மீட்டரும் போய்விட்டது.

பிரேக் லைட் எவ்வளவு உயிர் காக்கும் என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1974-ல் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகள் சிலவற்றில் பின்கண்ணாடியின் அடியில் மூன்றாவதாக ஒரு பிரேக் லைட் வைத்துச் சோதித்தார். அந்த டாக்சிகளைப் பின்னாலிருந்து இடிப்பது பாதிக்கும் மேல் குறைந்தது. 1986 மாடல் முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கெல்லாம் அந்த லைட் கட்டாயமானது. இன்று நம் ஊர்க் கார்களின் பின்கண்ணாடியில் எரியும் மூன்றாவது லைட்டின் வரலாறு இதுதான்.

நம் நாட்டிலும் ஸ்டாப் லைட் சட்டப்படி இருக்க வேண்டிய ஒன்று. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 102-வது விதி அதைச் சொல்கிறது. டி.என். 32 ஆனாலும் டி.என். 16 ஆனாலும், எஃப்.சி.க்குப் போகும் டாக்சியும் வேனும் பின்பக்க லைட்டுகள் சரியாக இருந்தால்தான் தலை நிமிர்ந்து போக முடியும்.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது?

டிரைவர் சீட்டுக்கு முன்னால் குனிந்து, பிரேக் பெடலின் மேல்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். பெடல் கையைத் தொட்டுக்கொண்டு ஒரு சிறிய பிளாஸ்டிக் பாகம் இருக்கும். அதிலிருந்து ஒரு கப்ளரும் ஒயர்களும் போகும். அதுதான் சுவிட்ச்.

பெடலை மிதிக்காதபோது பெடல் கை சுவிட்சின் பிளஞ்சரை உள்ளே அழுத்திப் பிடித்திருக்கும். லைட்டுக்கான கான்டாக்ட் அப்போது பிரிந்திருக்கும். பெடலை மிதித்ததும் கை விலகும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிளஞ்சரை வெளியே தள்ளும். கான்டாக்ட் சேரும், லைட் எரியும். வீட்டு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்ததும் உள்ளே விளக்கு எரிவதும் இதே முறையில்தான்.

எளிய வண்டிகளில் இரண்டு பின் சுவிட்ச் இருக்கும்: ஒன்றில் கரண்ட் வரும், இன்னொன்றில் போகும். பல புதிய வண்டிகளில் நான்கு பின் இருக்கும். ஒரு ஜோடி லைட்டுக்கு. இன்னொரு ஜோடி இன்ஜின் கம்ப்யூட்டருக்கு. இரண்டாவது ஜோடி எதிர்மாறாக வேலை செய்யும்: மிதிக்காதபோது சேர்ந்திருக்கும், மிதித்தால் பிரியும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் கோளாறு என்று பதிவு செய்துவிடும். சில மாடல்களில் கான்டாக்ட்டே இல்லாமல் காந்தத்தை உணரும் சென்சார் வைத்திருப்பார்கள். பழைய ஜீப்புகளில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் வேலை செய்யும் சுவிட்ச் உண்டு. லாரி, பஸ்களில் ஏர் பிரஷர் அதைச் செய்கிறது.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் லைட் பல்பு பெரும்பாலும் 21 வாட். 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பல்புக்கு 3.5 ஆம்பியர். பல்பின் ஃபிலமென்ட் குளிர்ந்திருக்கும்போது அதன் எதிர்ப்பு மிகக் குறைவு. அதனால் எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு கரண்ட் பாயும். ஒவ்வொரு மிதிக்கும் கான்டாக்ட் முனையில் ஒரு சிறு பொறி. டவுனுக்குள் ஓடும் வண்டியில் இது ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. கான்டாக்ட் கருகுவது இப்படித்தான். அழகுக்காகப் பின்னால் கூடுதல் லைட் பட்டிகளை இதே ஒயரில் சேர்த்துவிட்டால் கருகல் இன்னும் சீக்கிரம் வரும்.

முதலில் காதைக் கொடுங்கள்

வண்டிக்காரர் முடிவோடு வருவார். "தம்பி, சுவிட்ச் போயிடுச்சு. மாத்திக் குடுத்துடு."

"மாத்திடலாம்ணே. அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுச் சொல்றேன். சுவிட்ச் நல்லா இருந்தா உங்க காசு மிச்சம். எப்பலேருந்து இப்படி இருக்கு? எந்த லைட் எரியலை?"

இந்த இரண்டு கேள்விகள் பாதி வேலையை முடித்துவிடும். பதில் எதுவோ, அதற்கேற்பத் தேடும் இடம் மாறும்.

மூன்று லைட்டும் எரியவில்லை என்றால் மூன்றுக்கும் பொதுவான பாதையில் பழுது. ஃபியூஸ், சுவிட்ச், கப்ளர், பொது ஒயர் ஆகியவற்றில் தேடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் சுவிட்சைத் தொடவே வேண்டாம். அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், எர்த் பாருங்கள்.

மேல் லைட் எரிகிறது, கீழே இரண்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு பல்புமே போயிருக்கும். ஒன்று முன்பே போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டாவது போன பிறகுதான் தெரிய வந்திருக்கும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரோ பார்க்கிங் லைட்டோ மங்கலாக எரிகிறது என்றால் எர்த் சரியில்லை. கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்துப் பல்பு வழியாகப் போகிறது.

லைட் அணையவே இல்லை, காலையில் பேட்டரி டவுன் என்றால் சுவிட்ச், அதன் அட்ஜஸ்ட்மென்ட், பெடல் ஸ்டாப்பர் மூன்றில் ஒன்று.

புஷ் பட்டன் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஆட்டோமேட்டிக் கியர் பார்க்கிங்கிலிருந்து நகரவில்லை, குரூஸ் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தாலும் பிரேக் சுவிட்சை மறந்துவிடாதீர்கள். ஸ்டார்ட் ஆகவும் கியர் நகரவும் பிரேக் மிதித்த செய்தி கிடைக்க வேண்டும். மிதிக்காமலே மிதித்ததாகச் செய்தி போனால் குரூஸ் வேலை செய்யாது. "ஸ்டார்ட்டர் போச்சு" என்று இழுத்து வரப்படும் வண்டியில் பின்னால் நின்று பிரேக் லைட் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கேனரில் பி0504, பி0571, பி0703 ஆகிய கோடுகள் வந்தால் அவையும் இந்தப் பக்கமே கை காட்டுகின்றன.

சோதனை வரிசை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் நிறக் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக் ஒயரிங். அதில் டெஸ்ட் லேம்ப், மீட்டர் எதையும் வைக்கக் கூடாது.

1. கண்ணால் பாருங்கள். ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லி, மூன்று லைட்டையும் நீங்களே பின்னால் நின்று பாருங்கள். ஆளில்லாவிட்டால் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையை அண்டை கொடுத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். வண்டிக்காரர் சொன்னதும் நீங்கள் பார்ப்பதும் ஒன்றா என்பது முக்கியம்.

2. ஃபியூஸ். மூடியின் உட்புறப் படத்தில் ஸ்டாப் லைட் ஃபியூஸைக் கண்டுபிடித்துச் சோதியுங்கள். சில வண்டிகளில் அதே ஃபியூஸ்தான் ஹாரனுக்கும். ஹாரன் அடித்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். மறுபடியும் போனால் எங்கோ ஷார்ட். பெரிய ஃபியூஸோ கம்பியோ வைத்துச் சமாளிப்பவர் ஒயரிங்கைக் கொளுத்துகிறார்.

3. பல்பும் ஹோல்டரும். பல்பைக் கழற்றி ஃபிலமென்ட் பாருங்கள். இரட்டை ஃபிலமென்ட் பல்பு என்றால் பக்கவாட்டு முளைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும். அந்த இடத்தில் ஒற்றை ஃபிலமென்ட் பல்பை அழுத்தித் திணித்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பார்க்கிங் லைட்டும் பிரேக் லைட்டும் குழம்புவதற்கு அது ஒரு காரணம். ஹோல்டரில் பச்சைப் பூச்சோ கருகலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். மரக்காணம் உப்பளப் பக்கம் ஓடும் வண்டிகளில் இந்தப் பச்சை சீக்கிரமே ஏறும்.

4. சுவிட்சுக்குக் கரண்ட் வருகிறதா? கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கம் ஒயர் நுழையும் இடத்தில் டெஸ்ட் லேம்ப்பின் முனையைத் தொடுங்கள். நான்கு பின் சுவிட்ச் என்றால் லைட்டுக்கான ஜோடியில் மட்டும். ஒரு ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும் இடையில் ஒயர் அறுந்திருக்கிறது. சில மாடல்களில் சாவி போட்டால்தான் கரண்ட் வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. மிதித்தால் மறுபக்கம் வருகிறதா? பெடலை மிதித்து இரண்டாவது ஒயரைத் தொடுங்கள். முதல் ஒயரில் கரண்ட் இருந்து, மிதித்த பிறகும் இரண்டாவதில் இல்லை என்றால் பழுது சுவிட்சில்தான். அல்லது பிளஞ்சரை பெடல் கை முழுதாக விடவில்லை. இரண்டிலும் நல்ல கரண்ட் இருந்தும் லைட் எரியவில்லை என்றால் சுவிட்ச் நல்லது. பழுது பின்னால் போகும் ஒயரிலோ எர்த்திலோ.

6. உறுதி செய்யுங்கள். இரண்டு பின் சுவிட்சாக இருந்தால் கப்ளரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஃபியூஸ் கோத்த ஒரு ஜம்பர் ஒயரால் சேருங்கள். லைட் எரிந்தால் தீர்ப்பு முடிந்தது. நான்கு பின் சுவிட்ச், கம்ப்யூட்டர் வழியாக லைட் எரியும் வண்டி என்றால் ஒயரிங் டயகிராம் பார்க்காமல் ஜம்பர் போடவே கூடாது. தவறான இரண்டு முனைகளைச் சேர்த்தால் கன்ட்ரோல் யூனிட் போய்விடும்.

மீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள் என்று இங்கே ஒரு எச்சரிக்கை. பத்து இழைகளில் ஒன்பது அறுந்த ஒயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டே இழுப்பதில்லை. பல்பு எரியும் நிலையில் அளந்தால்தான் உண்மை தெரியும். பெடலை மிதித்தபடி, மீட்டரின் ஒரு முனையைச் சுவிட்சின் உள்வரும் ஒயரிலும் மறுமுனையைப் போகும் ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கான்டாக்ட் கருகத் தொடங்கிவிட்டது. பல்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையிலும் இதே அளவுக்குள் இருக்க வேண்டும். விட்டு விட்டு எரியும் லைட்டைப் பிடிக்க இந்தச் சோதனைக்கு இணை இல்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே தண்ணீர் ஓடியது. இப்படி வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் பழுது உடனே தெரியாது. கப்ளருக்குள் நுழைந்த சேற்றுத் தண்ணீர் மாதக்கணக்கில் முனைகளை அரிக்கும். அப்படிப்பட்ட வண்டி வந்தால், சுவிட்சைக் குறை சொல்லும் முன் கப்ளரைக் கழற்றி முனைகளைப் பாருங்கள்.

லைட் அணையவே இல்லையா? மேட்டைத் தூக்குங்கள்

சுவிட்ச் கப்ளரைக் கழற்றுங்கள். லைட் அணைந்தால் பழுது சுவிட்ச் பக்கம். அணையாவிட்டால் ஒயரிங்கில் எங்கோ பாசிட்டிவ் தொடுகிறது.

சுவிட்ச் பக்கம் என்று தெரிந்ததும் அதைக் கழற்றப் பாயாதீர்கள். டிரைவர் கால்பக்க மேட்டைத் தூக்கிப் பாருங்கள். நகத்துணுக்கு அளவில் பிளாஸ்டிக் துகள்கள் கிடக்கின்றனவா? வெள்ளையோ நீலமோ, விரலில் எடுத்து அழுத்தினால் பொடியாக நொறுங்கும். அது பெடல் ஸ்டாப்பரின் மிச்சம்.

பெடல் கையில், பிளஞ்சர் வந்து முட்டும் இடத்தில் ஒரு துளை உண்டு. அந்தத் துளையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குமிழைப் பொருத்தியிருப்பார்கள். பல வருடம் வெயிலில் நிற்கும் வண்டியில் அது காய்ந்து உதிர்ந்துவிடும். பிளஞ்சர் தாங்க இடமில்லாமல் துளைக்குள் புகுந்து வெளியே நீண்டு நிற்கும். பெடல் மேலே வந்த பிறகும் சுவிட்ச் மிதித்ததாகவே நினைக்கும். லைட் இரவெல்லாம் எரியும்.

இந்த இடத்தில் சுவிட்சை மாற்றினால் புது சுவிட்சும் அதே துளைக்குள்தான் போகும். தேவைப்படுவது ஸ்டாப்பர் மட்டும். ஸ்பேர் கடையில் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும், விரலால் அழுத்திப் பொருத்திவிடலாம். டேப் சுற்றுவது, போல்ட் மாட்டுவது எல்லாம் வேண்டாம். போல்ட் தலை பிளஞ்சரைத் தேய்த்துத் தின்றுவிடும்.

மாற்றும்போது

சுவிட்ச்தான் பழுது என்று சோதனை சொல்லிவிட்டதா? இனி தைரியமாக மாற்றலாம். பழைய சுவிட்சின் பின் எண்ணிக்கை, கப்ளர் வடிவம், பாக எண் மூன்றும் புதியதோடு பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கப்ளரின் பூட்டை அழுத்தி, ஒயரை இழுக்காமல் கப்ளரைப் பிடித்துக் கழற்றுங்கள்.

இரண்டு வகைப் பொருத்தல் உண்டு.

மரை போட்ட சுவிட்சில் லாக் நட்டைத் தளர்த்தித் திருகிக் கழற்ற வேண்டும். புதியதைப் பொருத்தும்போது பெடலைச் சும்மா விட்டுவிட்டு, சுவிட்ச் உடல் ஸ்டாப்பரைத் தொடும்வரை திருகி, பிறகு கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி லாக் நட்டை இறுக்குங்கள். எவ்வளவு இடைவெளி என்பது கம்பெனி மேனுவலில் மில்லிமீட்டரில் இருக்கும். அதைப் பின்பற்றுங்கள்.

திருப்பிப் பூட்டும் சுவிட்சில் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும். இதில் பல வகைகள் தானாகவே அட்ஜஸ்ட் ஆகும். பிளஞ்சரை முழுதாக வெளியே இழுத்துவிட்டுப் பொருத்த வேண்டும். பெடல் மேலே வரும்போது அது தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். பொருத்தும்போது பெடலை மிதித்திருக்க வேண்டுமா, விட்டிருக்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். சில வகைகளை ஒரு முறை கழற்றினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதனால்தான் சோதனை முடியாமல் கழற்றக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இப்போது இந்த வேலையின் மிக ஆபத்தான தவறு. சுவிட்சை அளவுக்கு மேல் உள்ளே திருகிவிட்டால் அது பெடலையே லேசாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். பெடலில் இருக்க வேண்டிய ஃப்ரீ பிளே போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் முழுதாகத் திரும்பாது. ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், திரும்பிப் போக வழியில்லாமல் பிரேக் தானே பிடிக்கத் தொடங்கும். சக்கரம் கொதிக்கும். லைட்டைச் சரி செய்து பிரேக்கைக் கெடுத்த கதை ஆகிவிடும். பொருத்தியதும் விரலால் பெடலை லேசாக அழுத்தி ஃப்ரீ பிளே இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முடித்த பின் இந்தப் பட்டியலை விடாமல் பாருங்கள்:

* பெடல் சற்றே இறங்கியதும், பிரேக் பிடிப்பதற்கு முன்பே லைட் எரிய வேண்டும்.
* பெடலை விட்டதும் மூன்று லைட்டும் முழுதாக அணைய வேண்டும்.
* பார்க்கிங் லைட், இண்டிகேட்டரோடு சேர்த்து எரியவிட்டும் பாருங்கள்.
* கோடு இருந்திருந்தால் ஸ்கேனரில் அழித்து, மறுபடி வருகிறதா என்று பாருங்கள்.
* சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சக்கரங்களின் அருகே கையை நீட்டி வெப்பம் பாருங்கள். தொட வேண்டாம்.

மூன்று சம்பவம், மூன்று குற்றவாளி

சோதனைக்கு முன் ஸ்பேர் வாங்கக் கூடாது என்பதை உலகத்தின் பெரிய கம்பெனிகளே நிரூபித்துவிட்டன.

2013 ஏப்ரலில் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் ஏறத்தாழ 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. பழுது பிரேக் லைட் சுவிட்சிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அழைத்தது. மிதித்தால் லைட் எரியவில்லை, மிதிக்காமலே எரிகிறது என்று இரண்டு விதப் புகாரும் இருந்தன. அங்கே பழுது சுவிட்சில் இல்லை. கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போகும் ஒயரிங்கின் இணைப்பு அரித்திருந்தது.

மூன்றாவது இன்னும் கவனிக்க வேண்டியது. 2019-ல் சுபாரு உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் வண்டிகளை அழைத்தது. துணி மென்மையாக்கும் திரவம், அழகுப் பொருட்கள், கார் பாலிஷ் போன்றவற்றிலிருந்து வெளிவரும் சிலிகோன் ஆவி சுவிட்சுக்குள் புகுந்திருந்தது. பொறியின் சூட்டில் அது கான்டாக்ட் மேல் கரண்ட் கடத்தாத படலமாகப் படிந்தது. டேஷ்போர்டு பளபளக்க ஸ்பிரே அடிப்பவர்கள் பெடல் பக்கத்தில் தாராளமாக அடிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புகார் மூன்றிலும் பிரேக் லைட் பற்றித்தான். குற்றவாளி ஒன்றில் பாகம், ஒன்றில் இணைப்பு, ஒன்றில் வெளியிலிருந்து வந்த ஆவி. லட்சக்கணக்கான வண்டி விற்ற கம்பெனிகளே ஆராய்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நாம் மட்டும் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்வது எப்படிச் சரியாகும்?

கூலியும் பேச்சும்

பழுது கண்டுபிடிப்பதற்கென்று ஒரு கூலி உண்டு என்பதை வண்டியைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள். "பார்க்கிறதுக்கு இவ்வளவு ஆகும்ணே. மாத்த வேண்டி வந்தா ஸ்பேர் விலை தனி." இப்படிச் சொல்லக் கூச்சப்படுபவர்தான் பிறகு ஸ்பேரில் லாபம் வைக்கத் தொடங்குகிறார். ஸ்பேரில் லாபம் வைப்பவருக்குத் தேவையில்லாத ஸ்பேரை மாற்றும் ஆசை வந்துவிடும். கூலி வெளிப்படையாக இருந்தால், ஸ்டாப்பர் மட்டும் போட்டு அனுப்பினாலும் உங்கள் உழைப்புக்கு நஷ்டம் இல்லை.

மாற்றிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கையில் கொடுங்கள். ஜம்பர் வைத்து லைட் எரிவதை அவர் கண்முன்னே காட்டுங்கள். கம்பெனி ஸ்பேர், லோக்கல் ஸ்பேர் இரண்டின் விலையையும் சொல்லி, பிரேக் சம்பந்தப்பட்ட இடம் என்பதால் கம்பெனி ஸ்பேரே நல்லது என்று உங்கள் கருத்தையும் சொல்லுங்கள். வண்டி எண், புகார், சோதனையில் தெரிந்தது, செய்த வேலை நான்கையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். வண்டி திரும்பி வந்தால் அந்த நோட்டுதான் உங்களுக்குச் சாட்சி. ஒரே மாடலில் ஒரே பழுது அடிக்கடி வருகிறது என்பதும் அதில்தான் தெரியும்.

வேறு வேலைக்கு வந்த வண்டி என்றாலும் அனுப்பும் முன் பிரேக் லைட்டை ஒரு முறை பார்த்துவிடுங்கள். தன் வண்டியின் பின்பக்கத்தை ஓட்டும்போது பார்க்க முடியாத ஒரே ஆள் டிரைவர்தான். அவருக்காக நீங்கள் பாருங்கள். இதற்குக் காசு கேட்க வேண்டாம்.

அடுத்த படி எது?

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐடிஐ-யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. வாகன எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸுக்கென்றே தனிப் பிரிவும் உண்டு. முடித்ததும் 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தின்கீழ் உதவித்தொகையோடு தொழில் பழகலாம். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனைகளில் ஏர் பிரேக் வண்டிகளைக் கற்கலாம். டீலர் சர்வீஸ் சென்டர்களில் ஸ்கேனரும் ஒயரிங் டயகிராமும் கைக்குப் பழகும். ஜிஎஸ்டி சாலையில் வடக்கே போனால் மறைமலைநகர், ஒரகடம் என்று கார்த் தொழிற்சாலை வட்டாரமே இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகும் பையனிடமும் எதிர்பார்ப்பது இதே ஒழுங்கைத்தான்.

மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆனாலும் அதன் கார்கள் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தொழிற்சாலை நின்றாலும் பழுது பார்ப்பவருக்கு வேலை நிற்பதில்லை.

எலக்ட்ரிக் வண்டி வந்தால் இந்த அறிவு வீணாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. அந்த வண்டிகளில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைக்கும். அந்தக் குறைப்பு நொடிக்கு நொடி 1.3 மீட்டர் வீதத்தைத் தாண்டினால் பெடலை மிதிக்காவிட்டாலும் பிரேக் லைட் எரிய வேண்டும் என்கிறது கார் பிரேக்குகளுக்கான ஐ.நா. விதி. அதாவது நாளைய வண்டியில் பிரேக் லைட்டுக்குச் செய்தி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து வரும். எங்கே அறுந்தது என்று வரிசையாகத் தேடத் தெரிந்தவருக்கு அங்கே கிராக்கி கூடும்.

இன்றைக்கே தொடங்க வேண்டியவை மூன்று. ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள். 21 வாட் பல்பு ஒன்றில் ஒயர் கோத்து பிரேக் லைட் போன்ற நேரடி லைட் ஒயர்களைச் சோதிக்க ஒரு டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள்; கம்ப்யூட்டர் ஒயர்களில் மட்டும் அதை வைக்காதீர்கள். பழுதில்லாத ஒரு காரில், மேலே சொன்ன ஆறு சோதனைகளையும் செய்து, நல்ல சர்க்யூட் எப்படி இருக்கும் என்று அளவுகளை நோட்டில் எழுதுங்கள். நல்லது எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் கெட்டது எங்கே என்று தெரியும். அந்த அளவுகள் உங்கள் நோட்டில் இருக்கும் வரை, எந்த வண்டி வந்தாலும் ஊகத்தில் ஒரு ஸ்பேரும் மாற்ற வேண்டிவராது.